குருவியின் விசில்

வனவிலங்குக் காப்பகத்து ஏரியில் வருடம் பூராவும் குளிக்க வருகிறவர்கள் கூட்டம். எல்லைக் கொடியைத் தாண்டி ஆழத்துக்குப் போகிறவர்களை விசிலடித்துத் திருப்புவதுதான் வாட்சர் சவரிமுத்துவின் வேலை. அதைக் கேட்டுக் கேட்டே, கரைமரத்து இரட்டைவால் குருவி ஒன்று அதேபோல் விசிலடிக்கப் பழகிக்கொண்டது. முதலில், கரையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்கூடப் பதறி எழுந்தார்கள். விஷயம் பரவியபின் எந்த விசிலுக்கும் யாரும் அசைவதில்லை. சவரிமுத்து கத்திப் பார்த்தான், தொண்டை கட்டியதுதான் மிச்சம். அந்தச் சனியனைக் கல்லெறிந்து விரட்டலாமென்றால், காப்பகத்தில் பறவைக்குத்தான் முதல் பாதுகாப்பு.

இன்று ஒருவர் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொடியைத் தாண்டினார். சவரிமுத்து அடிவயிற்றிலிருந்து ஊதிக்கொண்டே தண்ணீருக்கு ஓடினான்.

"அப்பா, விசிலடிக்கிறாங்கப்பா."

"அது குருவிடா கண்ணு."

மரத்தைக் காட்டிச் சிரித்தபடி அவர் அடுத்த அடியை வைத்தார்.