ஒன்பது வளையங்கள்

மருத்துவமனை மென்பொருளில் முந்தைய பக்கத்துக்குப் போகும் 'பேக்' பட்டனை அழுத்தினால் நோயாளியின் ரத்தவகை மாறிவிடுகிறது என்று டெஸ்டர் குழலி சிவப்புச் சீட்டில் எழுதி, மேனேஜர் தணிகைவேலின் மேசையில் ஒட்டினாள். அந்த மகாராசனோ தினமும் அதன்மேல்தான் காபி கப்பை வைத்தான். காலையில் எல்லோரும் வட்டமாக நின்று பேசும் கூட்டத்தில் அவள் வாயைத் திறந்தால், "அதை யாரும்மா அழுத்தப்போறா?" என்பான். வேலைப் பலகையில் அந்தப் பிழைக்கான அட்டையை 'முடிந்தது' என்ற கட்டத்துக்கு அவனே நகர்த்தியும் விட்டான்.

ஒன்பதாம் நாள் மென்பொருளைப் பார்க்க வந்த டாக்டரம்மா முதலில் அழுத்தியதே அந்தப் பட்டனைத்தான். திரையில் ஓ பாசிட்டிவ், பி நெகட்டிவ் ஆனது.

தணிகைவேல் குழலியைப் பார்த்துக் குரைத்தான். "டெஸ்ட் பண்றேன்னு இத்தனை நாளா என்னத்தைக் கிழிச்ச?"

குழலி அவனுடைய கப்பை நகர்த்தி, சீட்டை உரித்து டாக்டரம்மாவிடம் நீட்டினாள். ஒன்பது காபி வளையங்களுக்கு நடுவே எழுத்து நன்றாகவே தெரிந்தது.