கடைசித் துறைமுகம்

"இஞ்சருங்கோ, இதுதான் கடைசித் துறைமுகம். இங்கயும் ஒண்டும் வாங்காட்டில் வெறுங்கையோடதான் போய் இறங்க வேணும்."

நேசமலர் ஈரக் குடையை மடக்கியபடி கணவரை அவசரப்படுத்தினாள். கப்பல் அன்று யோகோஹாமாவில் நின்றது. இன்னும் இரண்டு நாளில் பயணம் முடிகிறது.

கடைக்கார ஜப்பான்காரி இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னாள். இன்னாசித்தம்பி விட்டுக்கொடுக்காமல் அவளைவிடக் கூடுதலாகக் குனிந்தார். நிமிர்வதற்குத்தான் மனைவியின் தோள் தேவைப்பட்டது.

மகள் கம்சனாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். ஜெர்மனியில் எசன் நகரில் வீடு, பக்கத்து டுசல்டோர்ஃபில் மண்டபம். மாப்பிள்ளையின் தாய் புஷ்பா, "நாங்கள் கலியாணத்துக்கு முதல் லூர்து மாதாவிட்டப் போறம்" என்று பெருமையடித்த அன்றே, "நாங்கள் கப்பலில ஜப்பானுக்கு" என்று நேசமலரும் ஒரு போடு போட்டிருந்தாள். இனிச் சம்பந்திக்குத் தேத்தண்ணி வைக்க ஒரு ஜப்பான் கேத்திலாவது கொண்டுபோய் வைக்காவிட்டால், கலியாண வீட்டில் தலைகாட்ட முடியாது. அந்தப் பயத்தில் அவளுக்கு இரண்டு நாளாக நித்திரையில்லை.

கண்ணாடி அலுமாரியில் தன் முகத்தைப் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

"ரெண்டு கிழமையாச்சு. முகம் கொஞ்சமும் கறுக்கேல்லையே!"

கறுக்கவில்லையே என்று கலங்கும் யாழ்ப்பாணத்துப் பெண்ணை இன்னாசித்தம்பி வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தார்.

"கப்பல்ல நல்ல கிறீம் தந்தவை எண்டு சொல்லு" என்றார்.

கைப்பையில் போன் அடித்தது. புஷ்பாவேதான். எப்போதும் வீடியோவில் வந்து வீட்டுத் தூசு வரை பார்த்துவிட்டுப் போகிறவள், அன்று குரலில் மட்டும் வந்தாள். நேசமலர் அதற்காகவே மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

"அக்கா, ஜப்பான் எப்பிடி?"

"சரியான சுத்தம் புஷ்பா. எல்லாரும் குனியினம். இவருக்குத்தான் நாரி பிடிச்சிட்டுது. லூர்து எப்பிடி?"

"ஒரே மழை. எண்டாலும் வந்த நேரம் துவங்கி முழங்காலிலதான் நிக்கிறன். உங்கட பக்கத்துச் சனத்துக்கு எத்தினை போத்தல் மாதா ஊத்துத் தண்ணி வேணும்?"

"ஒரு முப்பது எண்டாலும் வேணும். உனக்கொரு கேத்தில் பாத்து வைச்சிருக்கிறன். அசல் இரும்பு!"

யாரோ கதவைத் திறக்க, மேலே தொங்கிய மணி கணீரென்றது.

"மாதா கோயில் மணி அடிக்குது, அக்கா. பூசைக்கு நேரமாச்சு, வைக்கிறன்" என்றாள் புஷ்பா.

நேசமலர் கேத்திலும் கையுமாகப் பக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்ல மனுசி, என்ன? எங்கட ஆக்களுக்கும் சேத்துத் தண்ணி கொண்டு வாறாள்" என்று நெகிழ்ந்தவள், கேத்திலைச் சுற்றப் பூப்போட்ட தாள் தேடி அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் கேத்தில் கைநழுவப் பார்த்தது. இன்னாசித்தம்பி ஏந்திப் பிடித்தார்.

அங்கே, அலுமாரியின் அடித்தட்டுக்கு முன்னால் புஷ்பா முழங்காலில் நின்றாள். அதில் மட்டும் பொய்யில்லை. அவளுடைய கூடை நிறையக் குட்டிக் குட்டி வெறும் போத்தல்கள். பக்கத்தில் அவள் கணவர் அந்தோனிப்பிள்ளை, தண்ணீர் சொட்டும் குடையோடு, கடைக் கூரையை மிகவும் கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

கதவு மணி இன்னொரு தடவை அடித்தது. இந்த முறை யாரும் சிலுவை போடவில்லை.

புஷ்பா மெல்ல எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, கேத்திலை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அக்கா, நீங்களும் இந்த டுசல்டோர்ஃப் ஜப்பான் கடைக்கு வரேல்லை, நாங்களும் வரேல்லை!"