பதினொரு மணிக் கரண்ட்

கூட்டுறவுச் சங்க வங்கிக்குள் கால் வைத்ததுமே கணக்காய்வாளர் குகதாசனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

மின்விசிறி ஓடவில்லை. கொம்பியூட்டர் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் காசாளர் பிரேமிளா, குழாய்க்கிணறு அடிப்பதுபோல, ஓர் இரும்பு மெசினின் கைபிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுவைக்கும் அது கடகடவென்று குலுங்கி, வங்கிப் புத்தகத்தில் ஒரு வரி அடித்தது. போட்ட காசு கறுப்பில், எடுத்த காசு சிவப்பில்.

“என்ன பிள்ளை இது, நெல்லுக் குத்திற மெசினோ?”

“பழைய வங்கி மெசின், சேர். என்ரை அப்பா பிறக்க முந்திச் செய்தது. யாழ்ப்பாணத்தில ஒரு சங்கத்தின்ரை ஸ்டோரில கிடந்ததை மனேஜர் லொறியில ஏத்திக்கொண்டு வந்தவர். இதுக்குக் கரண்ட் தேவையில்லை. கைதான் நோகும்.”

நாடே டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற 2022ஆம் வருடம் அது. வீட்டுக்கு வீடு கரண்ட் கட்.

“கரண்ட் எத்தினை மணிக்கு வரும்?”

“பதினொண்டுக்கு, சேர்.”

மற்ற இடங்களில் கரண்ட் எப்போது வரும் என்று சனம் ஏங்கும். இங்கே வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரும், வந்து தொலைத்துவிடுமே என்று சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கெதியா இழு பிள்ளை, பதினொண்டாகப் போகுது,” என்றாள் நாயாற்றிலிருந்து வந்த ஜோசப்பின்.

இருபது வருடம் கணக்குப் பார்த்த மூக்கு குகதாசனுடையது. ஏதோ மணத்தது.

“கரண்ட் வந்தால் உங்களுக்கு என்னம்மா நட்டம்?”

பிரேமிளா இருமிப் பார்த்தாள். பலனில்லை. ஜோசப்பினுக்கு ஒளிக்கத் தெரியாது.

“கொம்பியூட்டர் எண்டால் நம்பரைத் தட்டின உடன கடன் தவணையை வெட்டிப்போட்டுத்தான் மிச்சத்தைத் தரும், ஐயா. மகள் அனுப்பின பத்தாயிரத்தில எனக்கு ஆயிரம்தான் மிஞ்சும். இந்த மெசினுக்கு என்ரை கடன் தெரியாது. இண்டைக்குப் போட் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் குடுக்கினம். அதை வாங்காட்டில் இவர் இன்னும் ஒரு கிழமைக்குக் கடலுக்குப் போக ஏலாது. பிள்ளையள் பட்டினிதான்.”

குகதாசன் பிரேமிளாவின் பக்கம் திரும்பினார்.

“அப்ப, கரண்ட் இல்லாத நேரமாப் பாத்துக் கடன்காரருக்கு முழுக்காசையும் குடுக்கிறீர்?”

“கரண்ட் இல்லாட்டில் மெசினில செய்யச் சொல்லி எழுத்தில இருக்கு, சேர். பின்னேரம் எல்லாத்தையும் கொம்பியூட்டரில ஏத்திப்போடுவன்.”

“அந்த நேரம் வெட்டுறதுக்குப் புத்தகத்தில ஒண்டும் இராது.”

“இராதுதான். ஆனா மீன் பட்டால் தாங்களாக் கொண்டுவந்து கட்டுவினம், சேர்.”

“மனேஜருக்குத் தெரியுமோ?”

பிரேமிளாவின் கை பாதியில் நின்றது.

“தயவுசெய்து சொல்லிப்போடாதேங்கோ, சேர். யோகநாதன் ஐயா ஒரு சதம் விடமாட்டார். தெரிஞ்சால் இண்டைக்கே என்னை வீட்டை அனுப்பிப்போடுவார்.”

பொய்யில்லை. ஒரு நாள் பிந்தியதற்குச் சொந்த மச்சானுக்கே வட்டி போட்ட மனுசன் யோகநாதன்.

மணி பதினொன்று. எதிர்த் தேத்தண்ணிக் கடையில் ரேடியோ பாடத் தொடங்கியது. வரிசை மொத்தமும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தது. ஜோசப்பினுக்கு முகம் செத்துப்போனது.

மின்விசிறி அசையவில்லை.

“எங்கடை லைனுக்கு எப்பவும் கொஞ்சம் பிந்தித்தான் வரும், சேர்,” என்றபடி பிரேமிளா அவசரமாக ஜோசப்பினின் புத்தகத்தை மெசினுக்குள் செருகினாள். சிவப்பில் பத்தாயிரம் விழுந்தது. காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் ஜோசப்பின் வெளியே ஓடினாள்.

பாவம் என்றுதான் குகதாசனுக்கும் இருந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே. இதை இன்றைக்கே மனேஜரிடம் போட்டு உடைப்பதென்று அறைக்குள் போனார்.

அறையில் ஆள் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

பின் விறாந்தையில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, ஒரு கதிரையின்மேல் ஏறி நின்றார் யோகநாதன். சேர்ட் வியர்வையில் ஒட்டியிருந்தது. மெயின் சுவிச்சைக் கீழே இழுத்துவிட்டு, யாரும் வந்து போட்டுவிடாதபடி அதைக் கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

குகதாசனைக் கண்டும் யோகநாதன் இறங்கவில்லை.

“வரிசையில இன்னும் எத்தினை பேர், சேர்?”

“மூண்டு பேர்,” என்றது குகதாசனின் வாய், அவரைக் கேளாமலே.

“அப்ப ஒரு பத்து நிமிசம் பொறுங்கோ. பிரேமிளாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் இரக்கப்படுற ஆள் எண்டு வெளியில தெரிஞ்சால், நாளையிலயிருந்து ஒருத்தரும் கடன் கட்டமாட்டினம்.”