எந்தக் கோணம் சின்னது?

"இதுல எது சின்னக் கோணம், சொல்லு பார்ப்போம்." தங்கை புத்தகத்தை நீட்டினாள்.

டைல்ஸ் ஒட்டும் வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாத அண்ணன் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"மூணாவது."

"தப்பு. ரெண்டாவது."

"மூணாவதுலதானே கோடு குட்டையா இருக்கு?"

"கோட்டோட நீளத்தைப் பார்க்காதேன்னு நேத்துதானே சொன்னேன்? ரெண்டு கோடும் சேர்ற முனையை மட்டும் பாரு. மிச்சத்தைக் கையால மறைச்சுக்கோ."

மறைத்துக்கொண்டு பார்த்தான். "அட, ஆமா."

கட்டடக்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வில் போன வருஷம் அவள் காலை வாரிவிட்டது இந்தப் படக் கேள்விகள்தான். இந்தத் தடவையும் போனால் அடுத்த தடவை கிடையாது என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அப்படியிருக்க, தினமும் சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தப்புத் தப்பாகச் சொல்கிறவனை என்ன செய்வது?

அடுக்கி வைத்த கட்டைகளை எண்ணச் சொன்னால் கண்ணில் பட்டதை மட்டும் எண்ணினான்.

"மேல ஒண்ணு நிக்குதுன்னா கீழ ஒண்ணு தாங்கிட்டு இருக்கும்டா. ஒவ்வொரு தூணா எண்ணு." தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினாள்.

மடித்துத் துளை போட்ட காகிதத்தைப் பிரித்தால் எத்தனை துளை என்று கேட்டால், "ஒண்ணு" என்றான். கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கிப் பிரிக்க வேண்டும் என்று நிஜக் காகிதத்தையே மடித்து, குத்தி, பிரித்துக் காட்டினாள்.

"படிக்கிறவளை ஏன்டா கெடுக்கிறே?" அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள்.

"எனக்கும் தெரிஞ்சுக்க ஆசையா இருக்கும்மா," என்றான் வெட்கமே இல்லாமல்.

"உன்னை நம்பித் தரையைக் கொடுக்கிறாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்." தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

தேர்வு முடிவு வந்தது. படக் கேள்விகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. கல்லூரியில் இடம் உறுதி. கறார் அப்பா சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணனைத் தேடி மேஸ்திரி வந்தார். சந்தோஷத்தில் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கோணல் எது, நேர் எதுன்னே தெரியாது. இவனை வெச்சு எப்படி மேஸ்திரி வேலை வாங்குறீங்க?"

"யாரு, இவனா? நாங்க சரின்னு விட்ட மூலையை, வாசல்ல நின்னே ஒரு நூல் அளவு கோணலா இழுக்குதும்பான். மூலைமட்டம் வெச்சுப் பார்த்தா இவன் சொன்னபடியே இருக்கும். இவன் கண்ணை நம்பித்தாம்மா நான் பெரிய வேலையே எடுக்கிறேன்."

தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அப்போ, இத்தனை நாளா தப்புத் தப்பாச் சொன்னியே, ஏன்டா?"

"போன வருஷம் புத்தகத்துக்குப் பின்னாடி இருக்கிற விடையைப் பார்த்துப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிட்டே போனே. நானும் சரியாச் சொல்லியிருந்தா, இந்த வருஷமும் அதையேதான் செஞ்சிருப்பே."