மேற்குச் சுவரின் குளிர்ச்சி

வீடு வாங்க வந்த அம்மாள் உள்ளே நுழையவே இல்லை. நேராக மேற்குப் பக்கம் போய், சுவரில் உள்ளங்கையைப் பதித்தார்.

"அட, இந்த வெயில்லயும் ஜில்லுன்னு இருக்கே!"

பிற்பகல் வெயில் தெருவை வறுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரும் அதை ஒட்டிய அறையும் மட்டும் பக்கத்தில் நின்ற பெரிய மரத்தின் நிழலில் இருந்தன.

அந்த அம்மாள் ஏற்கெனவே சில வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். வீட்டைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பதுதான் அவர் வழக்கம். காரணம் இல்லாமல் இல்லை. மாலை வெயிலை வாங்கும் சுவர், அந்தச் சூட்டை இரவெல்லாம் அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். ஏசி ஓயாமல் ஓடும், கரண்ட் பில் எகிறும், குடியிருப்பவர்கள் ஒரே கோடையில் பெட்டியைக் கட்டுவார்கள். அடுத்தவர் வரும்வரை வீடு வாடகையில்லாமல் பூட்டிக் கிடக்கும். நிழல் விழும் வீட்டில் அந்தத் தொல்லை கிடையாது.

"ஏன் தம்பி, மரத்தை எடுத்துட்டு வீட்டுக்கு மட்டும் விலை சொல்லுன்னா என்ன சொல்லுவே?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

வீட்டை விற்கும் தச்சனும் சிரித்துவைத்தான்.

மரம் இல்லையென்றால் விலை எவ்வளவு தூரம் இறங்கும் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய பட்டறை இருக்கும் இடத்தை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். அதை அவனே வாங்காவிட்டால் பட்டறையைக் காலி செய்ய வேண்டியதுதான். இந்த வீட்டுக்குக் கேட்ட விலை முழுதாக வந்தால் மட்டுமே அதை வாங்க முடியும்.

அவனுக்கு இன்னொன்றும் தெரியும்.

சென்ற மழைக்குப் பிறகு, மரத்தின் பின்பக்க அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், காது காதாகப் பழுப்பு நிறக் காளான் அடுக்கியிருந்தது. வெளியே தெரியும் காளான் வெறும் காய்தான். அதைக் காய்க்கிற பூஞ்சை உள்ளே கட்டையைத் தின்றுகொண்டிருக்கும். சுத்தியலின் பிடியால் தட்டிப் பார்த்தான். கெட்டி மரம் 'டக்' என்று பதில் சொல்லும். இது மத்தளம்போல் சொன்னது.

இலையைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மரத்துக்கு உயிர் ஓடுவது பட்டைக்கு அடியிலும் அதையொட்டிய வெளிக்கட்டையிலும்தான். நடுக்கட்டை வெறும் தூண். அந்தத் தூண் முழுக்க உளுத்துப்போனாலும், மேலே பச்சைப்பசேலென்று துளிர்த்துக்கொண்டிருக்கும். காற்று பிடிப்பதோ அந்தப் பச்சையைத்தான். தலை கனத்து அடி கூடாகிப்போன மரத்துக்கு ஒரு நல்ல காற்று போதும். கிளைகளின் பாரமெல்லாம் வீட்டுப் பக்கம்.

வெட்டலாம். ஆனால் சுவரோடு ஒட்டி நிற்கும் மரத்தை அப்படியே சாய்க்க முடியாது. கயிறு கட்டி, துண்டு துண்டாக இறக்க வேண்டும். அந்தச் செலவு ஒரு பக்கம், நிழல் போய் விலை சரிவது மறு பக்கம்.

அதனால் இன்று காலை காளானை உளியால் சீவி எடுத்தான். பலகையில் முடிச்சு விழுந்த ஓட்டையை அடைப்பதுபோல, மரத்தூளைப் பசையில் குழைத்து, பட்டையின் நிறம் சேர்த்து, காயத்தின் மேல் பூசினான். ஈரம் காயும் முன் மண்ணைத் தடவினான். முடித்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது, வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று ஒரு கணம் திருப்திகூடப் பட்டான்.

யாரோ குடிவரப்போகிறார்கள். முகம் தெரியாத யாரோ. அதற்குள் இந்த அம்மாளே ஆள்வைத்து மரத்தைப் பார்க்காமலா இருப்பார்? அப்படித்தான் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான்.

அம்மாள் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பூசிய இடத்தின் மேலேயே கையை ஊன்றி நின்றார்.

"நீ மரத்தோடவே பொழைக்கிற ஆளு தம்பி. உன் வாயால சொல்லு. நல்லா இருக்கா?"

"கல்லு மாதிரி இருக்கும்மா."

"அப்ப சரி. நீ கேட்ட விலையே தரேன். ஆனா ஒண்ணு, குடியிருக்கிறவங்க இதுல ஒரு கிளையைக்கூடத் தொடக் கூடாது. ஒப்பந்தத்துலயே எழுதிடுவேன்."

அவன் தலையாட்டினான். வேறு யாருக்காகவோ தலையாட்டுவது சுலபமாக இருந்தது.

அம்மாள் வாசலில் நின்ற அவன் மனைவியின் பக்கம் திரும்பினார். "என்னம்மா, வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லலையா?"

மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தாங்க இந்த அம்மாகிட்ட போன்ல கேட்டேன். இங்கேயே வாடகைக்கு நாமளே இருந்துக்கலாமாம்! பட்டறை மாடியில, அந்தத் தூசியில, பாப்பாவை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவோம்னு எனக்கு ஒரே கவலை."

அவன் வாயைத் திறந்தான். மரத்தைப் பற்றிச் சொன்னால் விலை இறங்கும். பட்டறை கையைவிட்டுப் போகும்.

"சந்தோஷத்துல பேச்சே வரல பாரு இவருக்கு," என்றார் அம்மாள். "பாப்பாவை இந்த மேற்கு ரூம்லயே படுக்க வைம்மா. வீட்டுலயே இதுதான் குளிர்ச்சி."

மனைவி அப்போதே உள்ளே ஓடினாள். குழந்தையின் கட்டில் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அவனே செய்த கட்டில், நல்ல கனம். ஒருவரால் தூக்க முடியாது.

"என்னங்க, வந்து ஒரு கை பிடிங்க!"

மேலே இலைகள் சலசலத்தன. அம்மாள் கண்களை மூடி முகத்தை உயர்த்தினார். "ஆகா, என்னா காத்து!"

அவன் உள்ளே போய், கட்டிலின் மறுமுனையைத் தூக்கினான்.