எந்தப் பக்கம், மிஸ்?

"கைடுல இருக்கிற பதிலை எழுதினா மார்க் வருது. அப்புறம் இந்த நாற்காலி எதுக்கு மிஸ்?"

ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்ததுமே பிரின்சிபால் வெங்கடகிருஷ்ணன் கேட்டார். கரும்பலகைக்கு முன்னால் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை அவர் பேனாவால் தட்டிக் காட்டினார்.

"நாவல் நடத்தறதுக்கு சார்," என்றாள் ஆங்கில டீச்சர் ஜெனிஃபர். "இதுல உக்காந்தா நாவல்ல வர்ற ஆளா மாறிடணும். மத்தவங்க கேள்வி கேப்பாங்க. எந்த மொழியில வேணா பதில் சொல்லலாம். எழுந்துட்டா பழையபடி நாமதான். அதுக்கப்புறம் கதை எழுதச் சொன்னா தானா எழுதறாங்க."

"கற்பனைக்கெல்லாம் போர்டு எக்ஸாம்ல மார்க் கிடையாது. இன்னைக்கு ஒரு பீரியட் பாக்கறேன். சரியில்லன்னா நாளையிலேர்ந்து கைடு மட்டும்தான்."

ஜெனிஃபர் வகுப்பை ஒரு முறை பார்த்தாள். நாவலில் வரும் அப்பா வேஷத்துக்குத் தயாராகி இருந்த விக்கிக்குக் காய்ச்சல். அவனைப் போல இன்னொருத்தனை எங்கே தேடுவது?

முன் பெஞ்ச் மகா எழுந்தாள். வாய் சும்மா இருக்காத பெண். "சார், நீங்களே உக்காருங்க சார்."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜெனிஃபர் அவசரமாக, "போன மாசம் நாவலை உங்க டேபிள்ல வெச்சேனே சார், படிச்சீங்களா?" என்றாள்.

"கதை எனக்குத் தெரியும்," என்றார் அவர். உட்கார்ந்தார்.

பனி கொட்டும் ஊரில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். தன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் எழுதும் கடிதங்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிடுகிறவர். அதுதான் நாவல்.

ஷ்ரேயா முதல் கேள்வி கேட்டாள். "பொண்ணு போட்ட லெட்டரை ஏன் பிரிக்காமலே திருப்பி அனுப்பினீங்க?"

"பேச்சைக் கேக்கல. அதனால," என்றார் ஆங்கிலத்தில், ஆறே நொடியில்.

"அது கைடு பதில் சார்," என்றாள் மகா. "எழுபத்தி ரெண்டாம் பக்கம். நீங்க சொல்லுங்க."

ஜெனிஃபர் கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு, நாற்காலியும் போச்சு, நாமும் போனோம்.

அவர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்தார். பிறகு அவர் தமிழில் பேசினார். பிரேயரில் ஒலிக்கும் அந்தக் குரல் இல்லை.

"பிரிக்காமன்னு யார் சொன்னா? இட்லிப் பானையில தண்ணி கொதிக்க வெச்சு, ஆவியில கவரைக் காட்டினா பசை விட்டுடும். படிச்சிட்டு, மைதாப் பசை போட்டு ஒட்டி, திரும்ப போஸ்ட் பண்ணிடுவேன்."

"வீட்ல ஆன்ட்டி பாக்கலையா சார்?" என்றாள் மகா.

"பாக்காம? 'மாவே அரைக்கல, பானை எதுக்கு அடுப்புல'ன்னு ஒரு நாள் கேட்டா. அப்புறம் லெட்டர் வந்தா அவளே பானையில தண்ணி ஊத்தி வெச்சிட்டு, மார்க்கெட் போறேன்னு கிளம்பிடுவா."

ஷ்ரேயாவின் நோட்டு மடியிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை அவளுக்கு.

"அவ்ளோ ஆசையா படிச்சிட்டு ஏன் சார் திருப்பி அனுப்பணும்? வெச்சுக்கலாமே," என்றாள்.

"வெச்சுக்கிட்டா அப்பாவுக்குக் கோபம் போயிடுச்சுன்னு நினைச்சு, எழுதறதை நிறுத்திட்டா? திருப்பி அனுப்பினாத்தான் அடுத்தது வரும்னு இருந்தேன்."

"வந்துச்சா?"

"பதினொண்ணு வந்தது. குழந்தை பிறந்திருக்குன்னு எழுதினது கடைசி. அதுக்கப்புறம் இல்ல."

மகா இப்போது மெதுவாகக் கேட்டாள். "பானை சார்?"

"இன்னமும் சாயங்காலம் தண்ணி ஊத்தி வெக்கிறா."

பெல் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அடுத்த பீரியடுக்கு வந்த கணக்கு சார்கூட வாசலிலேயே நின்றுவிட்டார்.

வெங்கடகிருஷ்ணன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "நாற்காலி இருக்கட்டும் மிஸ்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, வேகமாக வராந்தாவில் நடந்தார்.

பிள்ளைகள் ஜெனிஃபரைச் சூழ்ந்துகொண்டார்கள். "இட்லிப் பானை எந்தப் பக்கம், மிஸ்? நாங்க கவனிக்கவே இல்லையே."

நாவலை மூன்று முறை படித்தவள் அவள். இட்லியே தெரியாத ஊரில் நடக்கிற கதை. எந்தப் பக்கத்திலும் பானை இல்லை. கற்பனைக்கு மார்க் இல்லை என்ற மனிதரிடமா இத்தனை கற்பனை? பத்து வருடமாகக் கதை எழுதச் சொல்லிக் கொடுக்கிறாள். இப்படி ஒரு வரி அவளுக்கு வந்ததில்லை. எப்படி யோசித்தார் என்று அவரையே பிள்ளைகளுக்கு வந்து சொல்லச் சொல்ல வேண்டும்.

மதியம் பிரின்சிபால் அறைக்குப் போனாள். அறை காலி. அட்டெண்டர் கோவிந்தப்பா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் அவள் கொடுத்த நாவல், கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழியாமல் அப்படியே இருந்தது.

"சாரு அரை நாள் லீவு மேடம். பேத்திக்கு என்ன சாக்லேட் வாங்கலாம்னு என்னைக் கேட்டாரு. அவருக்குப் பொண்ணு இருக்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்," என்றார் கோவிந்தப்பா. "ஆட்டோ புடிக்கறேன்னேன், வேணாம்னுட்டாரு. பொண்ணு வீடு இங்க ஜீவனஹள்ளிதானாம், நடக்கற தூரமாம்."