ஒற்றை டிக்

நாங்கள் மாதக்கணக்கில் எழுதிய நிரலின் மேல், நாங்கள் அலுவலகம் வருவதற்கு முன்பே அற்புதராஜ் தன்னுடைய பழைய பிரதியை ஃபோர்ஸ் புஷ் செய்து எழுதிவிட்டான். சர்வரில் இருந்தது போயிற்று. எங்களிடமும் இல்லை. காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் இருப்பதை அழித்துவிட்டு, சர்வரில் உள்ளதை இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். டீம் லீடர் என்ற அதிகாரத்தில் கத்திக் கத்தி எங்களைப் பழக்கியிருந்தான். அன்று அதைச் செய்ய மறந்தது அவன் ஒருவன்தான்.

இனி மிச்சம் தமயந்தியின் மடிக்கணினி. விடுப்பு முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மூடிய அந்தப் பெட்டிக்குள் எங்கள் எல்லோருடைய உழைப்பும் அழியாமல் கிடந்தது.

அவளுக்கு ஃபோன் போகவில்லை. “லேப்டாப்பத் திறக்காதீங்க” என்று அற்புதராஜ் வாட்ஸப்பில் அனுப்பினான். அவளைச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது. மறுபடி அனுப்பினான்.

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“தமயந்தி, லேப்டாப்ப...”

“ஐயோ, திட்டாதீங்க அற்புத்! சிக்னல் இப்பத்தான் வந்துச்சு. வந்ததும் மொதல் வேலையா...”

ரயில் பாலத்தில் ஏறிய இரைச்சலில் மீதி கேட்கவில்லை. இரைச்சல் ஓய்ந்தது. அவள் காத்திருந்தாள். திரும்பக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.